லுக்ரீஷியஸ் நூலில் விடுபட்ட வரிகள்: துறவிகள் நீக்கினார்களா?

கேள்வி (பொழிலன்):

லுக்ரீஷியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய ‘பொருள்களின் இயல்பு’ என்னும் லத்தீன் மெய்யியல் காவியத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்து வருகிறேன். முதல் காண்டத்தின் இறுதியில், எல்லாப் பொருள்களும் உலகின் நடுப்புள்ளியை நோக்கியே செல்கின்றன என்பாரை அவர் மறுக்கும் இடத்தில், 1068 முதல் 1075 வரையிலான வரிகள் அரைகுறையாக நிற்கின்றன. 1094 முதல் 1101 வரையிலான எட்டு வரிகள் அறவே இல்லை. வேறொரு மொழிபெயர்ப்பிலோ, அரைகுறையான அந்த முதல் எட்டு வரிகள் முழுமையாக இருக்கின்றன. நமக்குக் கிடைத்திருக்கும் பழைய பிரதிகள் கிறித்தவத் துறவிகளின் காலத்தவை. பிரபஞ்சத்துக்கு எல்லையில்லை என்னும் வாதம் நடக்கும் இடத்திலேயே வரிகள் மறைந்திருப்பதைப் பார்த்தால், சமயக் காரணத்துக்காக யாரேனும் நீக்கியிருப்பார்களோ என்ற ஐயம் எழுகிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (கயல்விழி):

ஐயம் இயல்பானதே. ஆனால் நீங்கள் கொடுத்த வரி எண்களே அதற்கு விடை சொல்கின்றன. 1068உடன் 26ஐக் கூட்டினால் 1094. 1075உடன் 26ஐக் கூட்டினால் 1101.

இந்நூலுக்கு முதன்மையான சான்றுகள் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள இரண்டு 9ஆம் நூற்றாண்டுத் தோல்பிரதிகள். நீண்ட வடிவில் இருப்பதை ‘ஒப்லோங்கஸ்’ என்றும், சதுர வடிவில் இரு பத்திகளாக எழுதப்பட்டதை ‘குவாட்ராட்டஸ்’ என்றும் அழைக்கிறார்கள். இரண்டுக்கும் முந்தைய மூலப்பிரதி அழிந்துவிட்டது. ஆயினும் அதன் பக்கத்தில் 26 வரிகள் இருந்தன என்பதைக் ஜெர்மானிய அறிஞர் கார்ல் லாக்மான் தமது 1850ஆம் ஆண்டுப் பதிப்பில் நிறுவினார். குவாட்ராட்டஸில் நான்கு பகுதிகள் உரிய இடத்தில் இல்லாமல் நூலின் கடைசியில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் மூன்று, அதாவது முதல் காண்டத்தில் 734–785, இரண்டில் 253–304, ஐந்தில் 928–979 ஆகியவை, ஒவ்வொன்றும் சரியாக 52 வரிகள் கொண்டவை. இரண்டு பக்கங்கள் கொண்ட ஓர் ஏட்டில் அடங்குவது அதுவே. நான்காவதில் 50 வரிகள். எஞ்சிய இடத்தை இடையில் வரும் தலைப்புகள் எடுத்துக்கொண்டன என்று கணக்கிட்டார்கள். கட்டு தளர்ந்து கழன்ற ஏடுகளை யாரோ கடைசியில் செருகிவைக்க, அப்படியே படியெடுத்துவிட்டார்கள். ஒப்லோங்கஸில் அப்பகுதிகள் உரிய இடத்திலேயே இருப்பதால், ஏடுகள் கழல்வதற்கு முன்பே அது படியெடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் வரிகளுக்கு வருவோம். ஓர் ஏட்டின் முன்பக்கத்தில் வெளியோரம் கிழிந்தால் எட்டு வரிகளின் கடைசிச் சொற்கள் போகும். ஒப்லோங்கஸில் 1068ஆம் வரி ‘ஸெட் வானுஸ் ஸ்தோலிதிஸ் ஹேக்’ என்று தொடங்கி அவ்வாறே நின்றுவிடுகிறது. ஏட்டைத் திருப்பினால் அதே உயரத்தில், சரியாக 26 வரிகள் தள்ளி, எட்டு வரிகள் தொடக்கத்தை இழந்திருக்கும். தொடக்கமே இல்லாத வரிகளை என்ன செய்வதென்று தெரியாமல் எழுதுபவர் முழுவதும் விட்டுவிட்டார் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கருத்தைப் பார்த்து நீக்குகிறவர் ஏட்டின் இரண்டு பக்கத்திலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் நீக்கியிருக்க மாட்டார்.

மற்றொரு மொழிபெயர்ப்பில் முழுமையாகத் தெரியும் வரி முடிவுகள் லுக்ரீஷியஸுடையவை அல்ல. 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் மன்ரோ ஊகித்து நிரப்பியவற்றைப் பின்வந்த பதிப்புகள் சில எடுத்துக்கொண்டன. அச்சில் அவற்றை அடைப்புக்குறிக்குள் தராத பதிப்புகள் வாசகரைத் தவறாக வழிநடத்துகின்றன என்பது என் கருத்து.

மறுமொழி (அருண்மொழி):

கயல்விழி அவர்கள் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். துறவிகளுக்கு நீக்கும் எண்ணம் இருந்திருந்தால் கை வைப்பதற்கு வேறு இடங்கள் எத்தனையோ இருந்தன. உயிர் உடலோடு அழிவது என்று மூன்றாம் காண்டம் அடுக்கடுக்காக வாதிடுகிறது. முதல் காண்டத்தில், தந்தையே மகளைப் பலியிடும் காட்சியைச் சொல்லி, சமயம் மனிதரை எத்தகைய கொடுமைக்கு இட்டுச்செல்லும் என்று கவிஞர் வெளிப்படையாகவே சாடுகிறார். இவை யாவும் இன்றும் அப்படியே நம் கையில் இருக்கின்றன.

ஒப்லோங்கஸைத் திருத்தியவரின் கையெழுத்து, அயர்லாந்து அறிஞர் துங்காலுடையது என்று பழைய கையெழுத்துகளை ஆராய்ந்த பெர்ன்ஹார்ட் பிஷோஃப் அடையாளம் கண்டார். 810இல் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட சூரிய கிரகணங்கள் பற்றிப் பேரரசர் சார்லமேன் கேட்ட கேள்விக்கு, மறு ஆண்டில் கடிதமாக விடை எழுதியவர் இவர். கிறித்தவ நம்பிக்கையில் ஊறிய ஒருவர், தம் சமயத்துக்கு முற்றிலும் எதிரான ஒரு நூலை எடுத்துப் பிழை திருத்தியிருக்கிறார். அந்த உழைப்பை எண்ணும்போது, அவர்கள்மீது சந்தேகப்படுவதைவிட நன்றி பாராட்டுவதே முறை.

கேள்வி (பொழிலன்):

இருவருக்கும் நன்றி. 26 என்னும் கணக்கு என் ஐயத்தைத் தீர்த்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: 1417இல் இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ பிராச்சொலினி கண்டெடுத்த பிரதியில் விடுபட்ட அந்த எட்டு வரிகள் இருந்திருக்க வாய்ப்புண்டா?

மறுமொழி (கயல்விழி):

இல்லை என்றே சொல்லலாம். போஜ்ஜோ வரவழைத்த பிரதி தொலைந்துவிட்டது. ஆனால் அதைப் பார்த்து அவருடைய நண்பர் நிக்கொலோ நிக்கொலி தம் கையால் எழுதிய பிரதி ஃபிளாரன்சின் லாரென்சியன் நூலகத்தில் இருக்கிறது. அந்த வழியில் இத்தாலியில் பெருகிய ஐம்பதுக்கும் மேற்பட்ட 15ஆம் நூற்றாண்டுப் பிரதிகளில் ஒன்றில்கூட அவ்வரிகள் கிடைக்கவில்லை. அந்த இத்தாலியப் பிரதிகள் யாவும் ஒப்லோங்கஸின் வழிவந்தவையே என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் அவற்றில் புதிய வரிகளை எதிர்பார்க்கவே இடமில்லை.

மூலத்தை நேரில் பார்க்க விரும்பினால் எமில் ஷாத்லேன் 1908இலும் 1913இலும் வெளியிட்ட ஒளிப்படப் பதிப்புகளைத் தேடிப் பாருங்கள். முதலாவது ஒப்லோங்கஸுக்கும் இரண்டாவது குவாட்ராட்டஸுக்கும் உரியது. முதல் காண்டத்தின் கடைசிப் பக்கங்களை இரண்டிலும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.