பிரியாணித் தட்டின் ஓரத்துக் கத்தரிக்காய்: வேலூர்ச் சாப்பாட்டு அனுபவங்கள்

தொடக்கப் பதிவு, சத்துவாச்சாரியிலிருந்து

வெளியூர் உறவினர்கள் வேலூருக்கு வந்தால், கோட்டையையும் ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் பார்த்து முடித்த கையோடு, ஆம்பூருக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார்கள். ஏறத்தாழ 50 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் என்று சொல்லி நானும் பலரை அழைத்துச் சென்றிருக்கிறேன். அந்தப் பிரியாணியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் இறைச்சியை வேகவிட்டு, சீரகச் சம்பா அரிசியைத் தனியே முக்கால் பதத்தில் வடித்துச் சேர்த்து, மூடியின்மேல் தணலை அள்ளிப் போட்டுத் தம்மில் விடும் அந்தப் பக்குவம் ஆற்காட்டு நவாபுகளின் சமையற்கட்டிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பட்டையும் கிராம்பும் அடங்கி நிற்க, மிளகாயும் தயிரும் இறைச்சியும் முன்னே வரும் சுவை அது.

ஆனால், அதே தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி கத்தரிக்காய் வைப்பார்களே, அதை எத்தனை பேர் கவனித்துச் சாப்பிடுகிறோம்? வங்கி வேலையில் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஐந்தாறு ஆண்டுகள் அதை ஒதுக்கிவிட்டு வெங்காயப் பச்சடியோடு சாப்பிட்டு எழுந்தவன் நான். இப்போது, வேலூரில் சாப்பிட என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், அந்தக் கத்தரிக்காயைப் பின்தொடர்ந்து போங்கள் என்றுதான் சொல்கிறேன். அது எந்த வயலில் காய்க்கிறது, யார் வீட்டில் எப்படி வேகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், இந்த ஊரின் சமையலறைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்கின்றன.

எனக்கு அது நேதாஜி மார்க்கெட்டில் தொடங்கியது. ஒரு நாள் காலை ஆறரை மணி இருக்கும். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியின் முன்னால், கருநீல மினுமினுப்போடு ஒரு குவியல் இருந்தது. கை வைத்ததும் பெருவிரலில் சுருக்கென்றது. “பார்த்து எடுங்க சார், முள்ளு குத்தும். முள்ளு இருந்தாத்தான் அது எங்க ஊர்க் கத்தரிக்கா” என்றார். அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடியிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் விளையும் முள்ளுக் கத்தரிக்காய் அது. இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கும் காய். பச்சைக் காம்புத் தொப்பியின்மேல் ரோஜா முள்ளைப் போலக் கூரான முட்கள் நிற்கின்றன. கத்தியின் முதுகால் அவற்றை ஒருமுறை வழித்துவிட்டால் போதும், காம்பை வெட்ட வேண்டியதில்லை என்றும் அவரே சொல்லித் தந்தார்.

அதைப் பிரியாணிக்கு ஏற்றபடி சமைக்கும் விதத்தை எனக்குக் காட்டியவர், உடன் வேலை பார்த்த நண்பரின் தாயார். ஆர்.என்.பாளையத்தில் வீடு, வீட்டில் பேசுவது தக்னி உருது. ரம்ஜான் முடிந்த மறுவாரம் அழைத்திருந்தார்கள். “பைங்கன் இல்லாமல் பிரியாணி வைத்தால் விருந்தாளி பாதி வயிற்றோடு எழுந்துவிடுவார், பேட்டா” என்று சொல்லிக்கொண்டே அவர் செய்ததை அருகில் நின்று பார்த்தேன். காம்பு போகாமல் காயை நான்காகக் கீறித் தண்ணீரில் போட்டு வைத்தார். வேர்க்கடலையையும் எள்ளையும் தனித்தனியே வெறும் சட்டியில் வறுத்து அம்மியில் அரைத்துக்கொண்டார். கத்தரிக்காயை எண்ணெயில் புரட்டி, தோல் சுருங்கி நிறம் மங்கியதும் எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த் தூள் ஆகியவற்றை வதக்கி, அரைத்த விழுதையும் புளிக்கரைசலையும் ஊற்றினார். எண்ணெய் மேலே மிதந்து வரும்வரை அடுப்பு மிகவும் சிறியதாகவே எரிந்தது. பிறகு காயைத் திரும்ப இறக்கி, கரண்டி போடாமல் சட்டியை மட்டும் இரண்டு முறை சுற்றிக் குலுக்கினார். கரண்டி பட்டால் காய் கரைந்துவிடுமாம். அதை அவர்கள் ‘கட்டா’ என்கிறார்கள், புளிப்பு என்று பொருள். கொழுப்பும் காரமும் உள்ள சோற்றை ஒரு வாய் உண்டபின் அந்தப் புளிப்பு நாக்கைத் துடைத்து அடுத்த கவளத்துக்குத் தயார் செய்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். தட்டின் ஓரத்தில் அதை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்தக் காயோடு உங்களுக்கு நேர்ந்த அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைப் பெயர்களைவிட, யார் கையால், எந்த வேளையில், எதனோடு சாப்பிட்டீர்கள் என்பதை எழுதினால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

அணைக்கட்டுப் பக்கத்து உறுப்பினர்

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் என் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். எங்களுக்கு முக்கால் ஏக்கர் கத்தரி உண்டு. நீங்கள் காம்பில் கண்ட முள் தண்டிலும் இலையிலும் இருக்கும். ஆகையால் காய் பறிக்கும் வேலை பனி ஈரம் உலர்வதற்குள், விரல்களில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு நடக்கிறது. அப்படிச் சுற்றினாலும் மாலையில் அம்மா விளக்கருகே உட்கார்ந்து ஊசியால் முள் எடுப்பதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். முள்ளில்லாத கத்தரியை எங்கிருந்தோ கொண்டுவந்து எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி விற்பவர்களும் உண்டு. வாங்குகிறவர்கள் காம்பைத் தொட்டுப் பார்த்து வாங்கினால் எங்களுக்கு நன்மை.

நீங்கள் பிரியாணியோடு சொன்னீர்கள். எங்கள் வீடுகளில் அது களிக்குரிய காய். வடாற்காட்டு உழவுக் குடும்பங்களில் கேழ்வரகுக் களிதான் வேலை நாளின் சாப்பாடாக இருந்தது. நொய்யரிசி குழைந்து கொதிக்கும்போது கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துளையிட்டு, சிறிது நேரம் மூடி வைத்து, பிறகு பானையை இரண்டு கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கட்டியில்லாமல் கிளறுவார்கள். ஈரக் கையால் உருட்டிப் போட்ட உருண்டையின் நடுவில் குழி செய்து கத்தரிக்காய்க் கருவாட்டுக் குழம்பை ஊற்றுவார்கள். களியை மெல்லக் கூடாது. குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். ஆகையால் குழம்பில் கிடக்கும் கத்தரிக்காய்தான் பல்லுக்குக் கிடைக்கும் ஒரே வேலை, அது குழைந்தும் போகாமல், வேகாமலும் போகாமல் சரியாக நிற்க வேண்டும். முள்ளுக் கத்தரி அப்படி நிற்கும்.

கருவாடு இல்லாத நாள்களில் மல்லாட்டையை வறுத்து அரைத்துக் குழம்பில் விடுவோம். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். மானாவாரி நிலமெல்லாம் ஒரு காலத்தில் அதுதான் என்பதால் அது சேராத குழம்பு குறைவு. உங்கள் நண்பரின் தாயாரும் கத்தரிக்காயில் அதையே அரைத்து விடுகிறார் என்று கேட்டு அம்மா மிகவும் மகிழ்ந்தார். நவாபு வீட்டுச் சமையலென்று நாம் எட்ட வைத்துப் பார்ப்பதிலும் நம் கொல்லை மல்லாட்டைதான் இருக்கிறது என்றார்.

என் தாத்தா செவ்வாய்க்கிழமைகளில் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போவார். மாடு விற்ற நாளானாலும் விலை படியாமல் ஓட்டிக்கொண்டு திரும்பிய நாளானாலும், வந்ததும் அவர் கேட்பது களியும் இந்தக் குழம்பும்தான். சந்தையில் எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் அது அவருக்குக் கணக்கில் வராது.

சேலத்து உறுப்பினர்

நான் வேலூருக்குச் சாப்பிட வந்தவனல்லன். என் தந்தையின் இதய அறுவைச் சிகிச்சைக்காக சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து, எதிரேயுள்ள சந்துகளில் ஒரு விடுதியில் முப்பத்து நான்கு நாள்கள் தங்கினேன். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள் என்பது நீங்கள் அறிந்ததே. காட்பாடியில் ரயிலிலிருந்து இறங்கி, மூட்டையும் மருத்துவச் சீட்டுமாக வரும் அந்தக் குடும்பங்கள், ஒரு மாதமும் இரண்டு மாதங்களும் அந்தச் சந்துகளிலேயே குடியிருக்கின்றன. விடுதிக்காரர்கள் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருகிறார்கள். கடைப் பலகைகள் வங்காள எழுத்தில் இருக்கின்றன. காய்கறி விற்கும் தமிழ்ப் பெண்கள் வங்காளத்தில் விலை சொல்கிறார்கள்.

அங்கே ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில், முர்ஷிதாபாத்திலிருந்து வந்த சமையற்காரர் ஒருவர் இருந்தார். தம் தம்பியின் சிகிச்சைக்கு வந்து, தம்பி குணமாகி ஊர் திரும்பிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். சோறு, பருப்பு, கடுகெண்ணெயில் செய்த மீன் குழம்பு, இவற்றோடு பொரித்த கத்தரிக்காயும் வைப்பார். அவர்கள் ஊரில் பெரிய கத்தரிக்காயை வட்டமாகத் தடித்த வில்லைகளாக அரிந்து பொரிப்பார்களாம். இங்கே கிடைக்கும் முள்ளுக் கத்தரி சிறியது என்பதால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மஞ்சளும் உப்பும் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, கடுகெண்ணெய் புகைய வந்ததும் வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குவார். வெளியே சற்று முறுகி, உள்ளே வெண்ணெயைப் போல இளகியிருக்கும். உங்கள் ஊர்க் கத்தரிக்காய் எண்ணெய் குறைவாகக் குடிக்கிறது, இனிப்பாக இருக்கிறது என்று தெரிந்த தமிழில் சொல்வார்.

அறுவைச் சிகிச்சை நடந்த நாளன்று நான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் நல்ல செய்தி வந்தது. வேறொரு உணவகத்தில் நுழைந்தபோது, சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது என்று முகத்தைப் பாராமலே சொல்லி அனுப்பிவிட்டார்கள். இவர் கடையிலும் பாத்திரங்கள் கழுவியாகிவிட்டன. ஆனால் என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டவராக, அடுப்பை மறுபடி பற்றவைத்தார். மீதியிருந்த சோறும் பருப்பும் சூடாயின; இரண்டே இரண்டு கத்தரிக்காயைப் பிளந்து பொரித்து வைத்தார். பணம் வாங்கினார், ஆனால் தட்டருகிலேயே உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்து போகவில்லை. தம்பியின் சிகிச்சை நாளில் தமக்கு யார் அப்படிச் சோறு போட்டார்கள் என்பதைப் பின்னொரு நாள் சொன்னார். நேதாஜி மார்க்கெட்டில் காய் விற்கும் ஒரு தமிழ்ப் பெண்மணியாம்.

ஆற்காட்டு உறுப்பினர்

கத்தரிக்காயிலிருந்து சற்று விலகினாலும், நவாபுகளின் சமையற்கட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் ஊர் மக்கன் பேடாவைக் குறிப்பிடாமல் விட முடியவில்லை. பார்வைக்குச் சற்றுத் தட்டையான குலாப் ஜாமுனைப் போலத் தோன்றினாலும் அது வேறு. கோவாவும் மைதாவும் சேர்த்துப் பிசைந்த மாவுக்குள் முந்திரி, பாதாம், சாரப்பருப்பு போன்றவற்றைப் பொடித்து வைத்து மூடி, மிதமான சூட்டில் நெடுநேரம் பொரித்துப் பாகில் ஊறவிடுகிறார்கள். கையால் பிட்டுப் பாருங்கள். நடுவில் பருப்புகள் பாகில் நனைந்தும் நனையாமலும் இருந்தால், ஊறும் நேரம் அறிந்து செய்யப்பட்டது என்று பொருள். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறோம்; பாலாற்றுப் பாலத்துக்கு முன்பே வாங்கிவிடலாம். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து நாங்கள் இராணிப்பேட்டையில் சேர்ந்துவிட்டாலும், வேலூர்க் கல்யாண வீடுகளுக்கு இன்றும் எங்கள் ஊரிலிருந்துதான் அண்டாவில் போகிறது.

தொடக்கப் பதிவு எழுதியவர்

சேலத்து நண்பரின் தந்தை நலமாக இருக்கிறார் என்று தனியே எழுதியிருந்தார், மிகுந்த மகிழ்ச்சி. காய் விற்கும் அந்தப் பெண்மணி நான் எழுதிய மூதாட்டியாக இருக்குமோ என்ற எண்ணத்தில் இன்று காலை மார்க்கெட்டுக்குப் போனேன். அவருடைய இடத்தில் அவர் மகள் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி, வீட்டில்தான் இருக்கிறார் என்றார். வங்காளத்தில் விலை சொல்லத் தெரியுமா என்று கேட்டேன்; ஐந்தாறு காய்களின் பெயரை மடமடவென்று சொல்லிக் காட்டினார்.

குடிப்பதைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை. வேலூர்க் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் நன்னாரி சர்பத்தும் பன்னீர் சோடாவும் இருந்தாலும், பதினொரு மணிக்கு எனக்கு வேண்டியது தள்ளுவண்டிக் கேழ்வரகுக் கூழ்தான். முந்தின நாள் புளிக்கவிட்ட மாவில் காய்ச்சி, மோர் விட்டுக் கரைத்த கூழை ஒரு சொம்பு வாங்கினால், சிறுவெங்காயமும் மாங்காய்த் துண்டும் மோர் மிளகாயும் தருவார்கள். சத்துவாச்சாரியில் நான் வழக்கமாகக் குடிக்கும் வண்டியில் கத்தரி வற்றலும் உண்டு. விலை விழுந்து காய் தேங்கும் நாள்களில் வாங்கி, நீளமாக அரிந்து, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்து எடுப்பதாக அந்த அக்கா சொன்னார். காம்பை மட்டும் அவர் அரிந்து எறிவதில்லை. வற்றலைப் பொரித்தால் அந்தக் காம்புதான் முதலில் தீர்ந்துபோகிறதாம்.