ஃபிராங்க்ளின் வீட்டைத் திரும்பக் கட்டியிருக்க வேண்டாமா?

வழிப்போக்கன்:
பிலடெல்பியா சுதந்திரப் பூங்காவில் எடுத்த படங்களைப் போட்டிருக்கிறேன். சுதந்திர மண்டபமும் விரிசல் விட்ட மணியும் அருமை. ஆனால் ஐந்தாவது படத்தைப் பாருங்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வீடு இருந்த இடத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்த இரும்புச் சட்டம் மட்டும் நிற்கிறது. சுவரும் இல்லை, கூரையும் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போய் எதைக் காட்டுவது? 1854இல் இடிபட்ட சிட்டி டேவர்ன் என்ற பழைய மதுவிடுதியை அதே பூங்காவில் முழுசாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்களே!

பழஞ்சுவர்:
எதைப் பார்த்துக் கட்டுவது நண்பரே? 1812இல் வாரிசுகளே வீட்டை இடித்துவிட்டார்கள். வெளித்தோற்றம் எப்படி இருந்தது என்பதற்குப் போதிய ஆதாரம் கிடையாது. அதனால்தான் கட்டடக் கலைஞர் ராபர்ட் வெஞ்சுரியின் குழு 1976இல் வெறும் உருவரையை நிறுத்தியது. குனிந்து தரையைப் பார்த்தீர்களா? ஃபிராங்க்ளின் லண்டனில் இருந்தபோது வீட்டு வேலையை நின்று கவனித்தவர் மனைவி டெபோரா. வீட்டைப் பற்றி இருவரும் எழுதிக்கொண்ட கடித வரிகளைத் தரைக்கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே கண்ணாடி வழியாக அசல் அஸ்திவாரம் தெரியும். ஊகமாக ஒரு சுவரை எழுப்பியிருந்தால் இதெல்லாம் அடியில் போயிருக்கும்.

வழிப்போக்கன்:
ஜெஃபர்சன் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய வீடும் 1883இல் போய்விட்டது. 1975இல் திரும்பக் கட்டினார்களே, அது மட்டும் எப்படிச் சரி?

பழஞ்சுவர்:
அதற்குப் பழைய புகைப்படங்கள் இருந்தன. இதற்கு இல்லை.

மல்லிகா:
வாஷிங்டன் குடியிருந்த மாளிகையை யாருமே பேசவில்லையே. அதே பூங்காவில்தான் அதுவும் இருக்கிறது. அங்கே அவர் அடிமைகளாக வைத்திருந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஓனா ஜட்ஜ் என்ற பெண் 1796இல் தப்பிப் போனார். 2007இல் தோண்டியபோது சமையலறையிலிருந்து வீட்டுக்குப் போகும் நிலத்தடி வழி கிடைத்தது. வேலைக்காரர்கள் கண்ணில் படாமல் போய்வந்த பாதை. மாளிகையை அப்படியே திரும்பக் கட்டியிருந்தால் வருகிறவர்கள் வரவேற்பறையைப் படமெடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இப்போது அங்கே இருப்பது அரைகுறைச் சுவர்களும் சன்னல் சட்டங்களும், கண்ணாடிக்குக் கீழே அந்த அஸ்திவாரமும்தான். நான் பழஞ்சுவர் பக்கம்.

வழிப்போக்கன்:
அந்த மாளிகை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன் அக்கா. அங்கே மறைந்து கிடந்ததுதான் முக்கியம். ஃபிராங்க்ளின் வீட்டுக்கு அது பொருந்தாது. அஸ்திவாரத்தைத் தொடாமல் பக்கத்தில் ஒரே ஓர் அறையையாவது கட்டலாம்.

பழஞ்சுவர்:
ஃபிராங்க்ளின் வீடு இருந்த முற்றத்துக்கு அடியிலேயே அவருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. 2013இல் புதுப்பித்துத் திறந்தார்கள். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள்.

வழிப்போக்கன்:
கண்ணாடிப் பெட்டியில் சாமான்களைப் பார்ப்பது வேறு, ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைப்பது வேறு. என் கருத்தில் மாற்றமில்லை.