மறு: ‘ஹைலி காம்போசிட் நம்பர்’ – விஞ்செண் எனலாமா?

> மிகுபகு எண் என்றே வைத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

நண்பர்களுக்கு வணக்கம்.

சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது ஐயா, வரையறைக்குப் பொருந்தவில்லை. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் ஓர் எண்ணுக்கு இருந்தால் அது இந்த வகை. 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று வரிசை போகும். அதில் 2 இருக்கிறதே! பகா எண்ணைப் போய் ‘மிகுபகு’ என்று மாணவரிடம் எப்படிச் சொல்வது? ஆங்கிலப் பெயரிலேயே உள்ள குறை இது. அதை நாமும் சுமக்க வேண்டாம்.

‘மிகு’வும் இடிக்கிறது. தன்னை நீக்கிய காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைவிடப் பெரிதானால் அது மிகையெண். 18 மிகையெண்தான் (1+2+3+6+9=21). ஆனால் 18-க்கு ஆறு காரணிகள், 12-க்கும் ஆறு. ஆகவே 18 நம் வரிசையில் இல்லை. முன்னால் வந்த அத்தனையையும் தாண்டியதா என்பதே இங்கே கேள்வி. அதற்குத் தமிழில் கைவசம் இருக்கும் வினை ‘விஞ்சு’. விஞ்சு + எண் = விஞ்செண். முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை.

நேற்றைய மடலில் வந்த 7,20,720-ஐயே பாருங்கள். அதற்குக் கீழே 6,65,280-க்கு 224 காரணிகள், இதற்கு 240. 1 முதல் 16 வரை எதனால் வகுத்தாலும் மீதியில்லை, அப்படி வகுபடும் மிகச் சிறிய எண்ணும் இதுவே. 720 இரண்டு முறை வருவதும் தற்செயல் அல்ல: 7×11×13=1001, அதை 720-ஆல் பெருக்கினால் இந்த எண். 16×9×5×7×11×13 என்று பிரித்தால் 2-இன் அடுக்கு 4, 3-இன் அடுக்கு 2, மற்றவற்றுக்கு 1. அடுக்குகள் இப்படி ஏறாமல் இறங்கியே வரும், 4, 36 இரண்டைத் தவிர கடைசி அடுக்கு 1-ஆகவே இருக்கும் என்று 1915-இல் நிறுவியவர் ராமானுஜன். கேம்பிரிட்ஜ் அவருக்கு 1916-இல் பட்டம் தந்தது இந்த ஆய்வுக்காகத்தான். அவர் பெயர் வைத்த எண்ணுக்கு அவர் தாய்மொழியில் நல்ல பெயர் இல்லாதது எனக்கு உறுத்துகிறது.

இலங்கை நண்பர்களுக்கும் இது உதவும். அங்கே பகு எண்ணைச் சேர்த்தி எண் என்பார்கள். விஞ்செண்ணில் இரண்டும் இல்லை, ஆகவே இரு கரைக்கும் ஒரே சொல்.

முதலில் ‘காரணிவிஞ்செண்’ என்றுதான் எழுதிப் பார்த்தேன். காரணியை விஞ்சும் எண் என்று யாராவது பிரித்துவிடுவார்கள் என்பதால் விட்டேன். காரணி எண்ணிக்கையில் முன்னதற்குச் சமமாக நின்றாலும் ஏற்கும் தளர்ந்த வகையும் உண்டு (60-க்கும் 72-க்கும் பன்னிரண்டே). அதை ‘விஞ்சப்படா எண்’ எனலாம்.

விஞ்செண்களுக்குள் ராமானுஜன் தனியே பிரித்த ‘சுப்பீரியர்’ வகைக்கு, 7,20,720-உம் அதில் ஒன்று, தலைவிஞ்செண், மேல்விஞ்செண் இரண்டும் தோன்றுகின்றன. என் சாய்வு முன்னதுக்கு. உங்கள் காதுக்கு எது இயல்பாக இருக்கிறது?