கானாடுகாத்தான் வீட்டில் நிறுத்திவைக்க ஏற்ற சிறிய சொகுசு செடான் எது?

வளவுக்காரர் (கேள்வி):

வணக்கம். எனக்குச் சென்னையில் வேலை. பூர்வீக வீடு கானாடுகாத்தானில். மாதம் ஒருமுறை, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பல்லவன் ரயிலில் காரைக்குடி வந்து இறங்கி நான்கைந்து நாட்கள் தங்கித் திரும்புகிறேன். ஆத்தாவுக்கு 81 வயது. ஊரைவிட்டு வர மறுக்கிறார். அவரைப் பிள்ளையார்பட்டிக்கும் வைரவன்பட்டிக்கும், அவ்வப்போது மதுரையில் மருத்துவரிடமும் அழைத்துச் செல்வதற்காக, ஊரிலேயே நிற்கும்படி ஒரு கார் வாங்க நினைக்கிறேன். மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய பிஎம்டபிள்யூ 3 சீரீஸ் (நீள வகை), மெர்சிடிஸ் சி-கிளாஸ், ஆடி ஏ4 ஆகிய மூன்றையும் பார்த்துவருகிறேன். டீசல் எடுத்தால் மைலேஜ் கிடைக்கும் என்கிறார் மைத்துனர். இவற்றுள் எதை நம்பி வாங்கலாம்?

தேவகோட்டைப் பொறியாளர்:

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நாள்தோறும் ஓடும் காரைக் கெடுப்பவை வேறு. நின்றுகொண்டே இருக்கும் காரைக் கெடுப்பவை வேறு. இணையத்தில் நீங்கள் படிக்கும் மதிப்புரைகள் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியவை.

முதலில் பேட்டரி. இந்தக் கார்களில் பூட்டிய பிறகும் சில கணினிகள் விழித்தே இருக்கின்றன. அவை 50 மில்லியாம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, இரண்டு மாதத்தில் 72. பேட்டரியின் கொள்ளளவு 80 என்றால் மீதம் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் பரவலாக உள்ளது. அதனால் பயனில்லை என்பது மட்டுமன்று, கெடுதலும் உண்டு. பேட்டரி போதிய அளவு நிரம்பாத அந்த ஐந்து நிமிடத்தில் என்ஜின் சூடேறாததால், உள்ளே படியும் ஈரம் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கிவிடுகிறது. பேட்டரியின் மின்னளவைத் தானே பேணும் சிறிய சார்ஜர் ஒன்றை நிரந்தரமாக இணைத்துவிடுவதே சரி.

மைத்துனர் சொன்ன டீசலை நான் எடுக்கமாட்டேன். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பின், டீசல் காரின் புகைக்கரி ஒரு வடிகட்டியில் சேர்ந்து, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போதுதான் எரிந்து தீர்கிறது. கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூர் வரை போய்வந்தால் அது எரியாது, அடைத்துக்கொள்ளும். கூடவே புகையின் நச்சைக் குறைக்க யூரியாக் கரைசல் ஒன்று ஊற்ற வேண்டும். 30 டிகிரியில் ஓராண்டு தாங்கும் அந்தக் கரைசல் 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஏ4 எப்படியும் பெட்ரோல்தான்; மற்ற இரண்டிலும் பெட்ரோலையே தேடுங்கள். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரானது என்றால், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை அது ஏற்குமா என்பதை எரிபொருள் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பத்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும் காரின் ரப்பர் வெயிலில் மூப்படைந்திருக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி:

பொறியாளர் தம்பி சொன்னவற்றோடு எலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பின்கட்டுக் கொட்டகையில் நின்ற காரின் வயரை ஒரே இரவில் கடித்துவிட்டது. மயிலும் அப்படித்தான், கறுப்பு வண்ணக் காரில் தன் நிழலைக் கண்டு வேறு மயில் என்று கொத்தும். வெளிர் நிறமாக வாங்கித் துணி உறை போட்டுவிடுங்கள்.

உட்கார்ந்து எழுவதைப் பற்றி ஒரு சொல். திண்ணை உயரத்துக்குப் பழகிய முழங்காலுக்கு இந்த மூன்று கார்களுமே தாழ்வானவை. நீள வகை 3 சீரீஸில் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,961 மில்லிமீட்டர்; சி-கிளாஸில் 2,865; ஏ4-இல் ஏறத்தாழ 2,820. பின்னிருக்கையில் கால் நீட்ட அந்த நீளம் உதவும். ஆனால் குனிந்து இறங்கும் சிரமம் நீளத்தால் குறையாது. மூன்றிலும் பின்னால் நடுவே மேடு இருப்பதால் அங்கு இருவர் உட்காருவதே சுகம். ஆத்தாவை நேரில் அழைத்துச் சென்று நான்கு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

திருமயத்தான்:

பஞ்சரானாலும் ஓடக்கூடிய டயர் பொருத்திய காரைப் பற்றிப் பலர் குறை கூறுகிறார்கள். அதன் பக்கச்சுவர் விறைப்பானது என்பதால் குண்டும் குழியுமான சாலையில் முதுகு அறியும் என்பது உண்மைதான். ஆனால் காற்று முழுதும் இறங்கிய பின்னும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் போகலாம். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ அந்தத் தூரம். வயதானவரை வைத்துக்கொண்டு இரவில் வழியில் நிற்பதைவிடச் சற்றுக் குலுங்குவது மேல் என்பது என் கருத்து.

தொழில்நுட்பத்தில் நான் பார்ப்பது ஒன்றே: ஏசியைக் கூட்டவும் குறைக்கவும் கைக்குத் தட்டுப்படும் பொத்தான் உண்டா? ஏ4-இல் உண்டு. 2022இல் வந்த சி-கிளாஸில் எல்லாம் 11.9 அங்குலத் திரைக்குள் போய்விட்டன. 3 சீரீஸ் நீள வகையிலும் 2023இல் வளைந்த திரை வந்தபோது பொத்தான்கள் மறைந்தன. அதற்கு முந்தையதில் இருக்கும். வாடகை ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் மாறும் வீட்டில் இது சிறிய விஷயமன்று.

வளவுக்காரர்:

அனைவருக்கும் நன்றி. டீசலைக் கைவிட்டேன், மைத்துனருக்குச் சற்று வருத்தம்தான். 2022ஆம் ஆண்டின் நீள வகைப் பெட்ரோல் ஒன்றும் ஏ4 ஒன்றும் பார்த்துவைத்திருக்கிறேன். அடுத்த முறை ஆத்தாவை ஏற்றி இறக்கிப் பார்த்தபின் முன்பணம் கொடுப்பேன். கொட்டகையில் மின் இணைப்பே இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. சார்ஜருக்காகப் பிளக் வைக்க எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன்.