மூன்று ஹோஸ்ட்டுகளை ஒரே கிளஸ்டராக்குவது: ஹெச்ஏ, லோடு பேலன்சிங் சந்தேகங்கள்

பிங்_போகவில்லை:

எங்களிடம் மூன்று ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்டுகள் (விஎம்வேரின் ஹைப்பர்வைசர், அதாவது ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள், போட்ட சர்வர்கள்), ஒவ்வொன்றிலும் 256 ஜிபி ரேம். இப்போது மூன்றிலும் தனித்தனியாக லாகின் செய்துதான் வேலை நடக்கிறது, எந்த விஎம் (மெய்நிகர் கணினி) எதில் ஓடுகிறது என்று பார்க்க ஒரு எக்செல் ஷீட் வேறு. முதல் ஹோஸ்ட்டில் விஎம்களுக்கு 230 ஜிபி கொடுத்தாகிவிட்டது, இரண்டாவதில் 200, மூன்றாவது 70 ஜிபியோடு சும்மா கிடக்கிறது. வி-சென்டர் (எல்லா ஹோஸ்ட்டையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் சர்வர்) போட்டு ஒரே கிளஸ்டராக்கலாம் என்று யோசனை. மேலே உள்ளவர்கள் கேட்பது, ஒரு ஹோஸ்ட் படுத்தாலும் யாருக்கும் தெரியக்கூடாது, லோடும் தானாகச் சமமாகிவிட வேண்டும். என் பயம் வேறு: எல்லாவற்றையும் ஒரு வி-சென்டரை நம்பி விட்டபிறகு அதுவே விழுந்துவிட்டால்? ஷேர்டு ஸ்டோரேஜ் இன்னும் இல்லை, எல்லாம் லோக்கல் டிஸ்க். எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேபிள்காரன்:

ஸ்டோரேஜிலிருந்து. ஹோஸ்ட் செத்தபிறகு அதன் லோக்கல் டிஸ்க்கில் இருக்கும் விஎம் ஃபைல்களை இன்னொரு ஹோஸ்ட் எப்படித் திறக்கும்? எஸ்ஏஎன், என்எஃப்எஸ், விசான் என எந்த வகை ஷேர்டு ஸ்டோரேஜானாலும் சரி, மூன்று ஹோஸ்ட்டுக்கும் தெரிகிற மாதிரி ஒன்று இருந்தால்தான் ஹெச்ஏ (ஹை அவைலபிலிட்டி, ஹோஸ்ட் விழுந்தால் அதன் விஎம்களைத் தானாக வேறு ஹோஸ்ட்டில் எழுப்பும் வசதி).

"யாருக்கும் தெரியக்கூடாது" என்பதை இப்போதே மறுத்துவிடுங்கள். வி-மோஷனையும் ஹெச்ஏவையும் நிறையப் பேர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். வி-மோஷன் நடக்க இரண்டு ஹோஸ்ட்டும் உயிரோடு இருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் மெமரியை நெட்வொர்க் வழியாக நகலெடுத்துக்கொண்டே போய் கடைசியில் ஒரு கணம் நிறுத்தி அந்தப் பக்கம் தொடங்கிவிடும். செத்துப்போன ஹோஸ்ட்டிலிருந்து நகலெடுக்க என்ன இருக்கிறது? ஹெச்ஏ அந்த விஎம்மை வேறு ஹோஸ்ட்டில் மறுபடி பூட் செய்யும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் டேட்டாபேஸுக்கு அது கரண்ட் போய் வந்த மாதிரிதான். துளிகூட நிற்கக்கூடாத சர்வீஸ் என்றால் ஃபால்ட் டாலரன்ஸ் (விஎம்மின் நகல் ஒன்றை இன்னொரு ஹோஸ்ட்டில் கூடவே ஓட்டுவது) உண்டு, ஆனால் அதற்கு விசிபியு (விஎம்முக்குக் கொடுக்கும் சிபியு) வரம்பு இருக்கிறது, நெட்வொர்க்கையும் நன்றாகத் தின்னும். அதைவிட அப்ளிகேஷன் அளவிலேயே இரண்டு விஎம் வைத்து முன்னால் ஹெச்ஏ-பிராக்ஸி (கோரிக்கைகளை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர்) போடுவது நல்லது என்பேன்.

வி-சென்டர் பயம் வேண்டாம். ஹெச்ஏவை ஒருமுறை அமைத்துவிட்டால் ஹோஸ்ட்டுகளில் இருக்கும் ஏஜெண்டுகளே தங்களுக்குள் ஒரு மாஸ்டரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், நெட்வொர்க்கிலும் டேட்டாஸ்டோரிலும் ஹார்ட்பீட் (உயிரோடு இருப்பதற்கான சிக்னல்) பார்க்கும். வி-சென்டரே விஎம்மாக ஓடி அந்த ஹோஸ்ட் விழுந்தாலும் அதையும் ரீஸ்டார்ட் செய்வது இந்த ஹெச்ஏதான். வி-சென்டர் இல்லாத நேரத்தில் போவது வி-மோஷனும் டிஆர்எஸ்ஸும் (லோடைப் பார்த்து விஎம்களைத் தானாக நகர்த்தும் வசதி). ஓடும் விஎம்கள் பாட்டுக்கு ஓடும்.

நள்ளிரவு_ஷிஃப்ட்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் கேள்வியில் இருக்கும் எண்களை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. 230 + 200 + 70 = 500 ஜிபி. ஒரு ஹோஸ்ட் போனால் மிச்சம் 512, அதில் ஹைப்பர்வைசருக்கும் ஒவ்வொரு விஎம்மின் ஓவர்ஹெட்டுக்கும் எடுத்துக்கொண்டால் என்ன இருக்கும்? பேப்பரில் அடங்கும், நிஜத்தில் பலூனிங் (விஎம்களிடமிருந்து ரேமைத் திரும்பப் பிடுங்குவது), ஸ்வாப் (ரேமுக்குப் பதில் டிஸ்க்கைப் பயன்படுத்துவது) என்று இழுக்க ஆரம்பிக்கும். லோடைச் சமமாக்கினால் ஒரு ஹோஸ்ட்டுக்குச் சுமார் 167 ஜிபி வரும், பார்க்க மூன்றில் ஒரு பங்கு காலியாக இருப்பது போல அழகாக இருக்கும். அது காலி இல்லை, விழப்போகும் ஹோஸ்ட்டுக்கு ஒதுக்கிய இடம். அங்கே புதிதாக விஎம் ஏற்றத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும்.

அட்மிஷன் கண்ட்ரோல் (ஹோஸ்ட் விழுந்தால் தேவைப்படும் இடத்தைக் காக்க, புது விஎம் ஆன் ஆவதை மறுக்கும் ஹெச்ஏ அமைப்பு) தடுத்துவிடும் என்று நம்பாதீர்கள். ரிசர்வேஷன் (உறுதியாக ஒதுக்கிய சிபியு, மெமரி) வைக்காத விஎம்மை அது 32 மெகாஹெர்ட்ஸும் மெமரி ஓவர்ஹெட்டும் மட்டும் கேட்கும் விஎம்மாகத்தான் கணக்கில் எடுக்கிறது, 64 ஜிபி கொடுத்த விஎம்மாக இருந்தாலும் சரி. அதனால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முக்கியமான விஎம்களுக்காவது ரிசர்வேஷன் போடுங்கள், ரீஸ்டார்ட் முன்னுரிமையையும் அமைத்துவிடுங்கள்: முதலில் டிஎன்எஸ், டொமைன் கண்ட்ரோலர், பிறகு டேட்டாபேஸ், கடைசியில் அப்ளிகேஷன்.

டிஆர்எஸ் பற்றியும் ஒன்று. அது மூன்று வரைபடக் கோடுகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரும் கருவி இல்லை. வி-ஸ்பியர் (ஈஎஸ்எக்ஸ்ஐ, வி-சென்டர் அடங்கிய விஎம்வேர் தொகுப்பு) 7.0 முதல் விஎம் சௌகரியமாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறது, நிமிடத்துக்கு ஒருமுறை. ஒரு ஹோஸ்ட் 70 சதவீதம், இன்னொன்று 25 என்று இருந்தும் யாருக்கும் குறை இல்லையென்றால் எதையும் நகர்த்தாது. மேலே உள்ளவர்கள் அந்த கிராஃபைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள், பதிலை இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ரூட்_ஷெல்:

வாங்குவதற்கு முன் லைசென்ஸ் கணக்கைப் போடுங்கள். பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி முடித்த கையோடு நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டது, இப்போது சந்தாதான். டிஆர்எஸ் எல்லா எடிஷனிலும் வராது என்பதையும் பாருங்கள்.

மூன்று ஹோஸ்ட் அளவுக்கு பிராக்ஸ்மாக்ஸ் (விஎம்வேருக்கு மாற்றான ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், அதில் ஹோஸ்ட்டை நோடு என்பார்கள்) தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. தனி மேலாண்மை சர்வரே கிடையாது, எந்த நோடின் 8006 போர்ட்டைத் திறந்தாலும் மொத்த கிளஸ்டரும் தெரியும். உங்கள் பயத்துக்கு நேரடி பதில் அது. மூன்று நோடில் இரண்டு பேசிக்கொண்டால் கோரம் (முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை) கிடைக்கும். தனித்துவிடப்பட்ட நோடில் ஹெச்ஏ விஎம்கள் ஓடினால் அது 60 விநாடியில் வாட்ச்டாக் (பதில் வராவிட்டால் சர்வரை ரீசெட் செய்யும் டைமர்) வழியாகத் தன்னையே ரீசெட் செய்துகொள்ளும், அது நடந்திருக்கும் என்று உறுதியான பிறகுதான் மற்றவை அந்த விஎம்களை எடுக்கும். ஆகவே இரண்டு நிமிடம் போலப் பொறுத்திருக்க வேண்டும். ஒரே விஎம் இரண்டு இடத்தில் ஓடி டிஸ்க்கை நாசமாக்குவதற்கு இந்தக் காத்திருப்பு எவ்வளவோ மேல். கோரோசிங்குக்கு (நோடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சேவை) கண்டிப்பாகத் தனி நெட்வொர்க் கொடுங்கள், தாமதம் 5 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும். பேக்கப் டிராஃபிக்கும் அதுவும் ஒரே கேபிளில் போனால் நடு இரவில் நோடுகள் தாமாகவே ரீசெட் ஆவதைப் பார்க்கலாம்.

லோடு பேலன்சிங்கில் விஎம்வேர்தான் ஒரு படி மேல், மறுக்கவில்லை. பிராக்ஸ்மாக்ஸ் 7.3-ல் வந்த ஷெட்யூலர், ஹெச்ஏ ஒரு விஎம்மை எந்த நோடில் வைப்பது என்று தீர்மானிக்கும்போது அதற்கு ஒதுக்கிய சிபியு, மெமரி அளவைப் பார்க்கும். அந்த நேரத்து நிஜ லோடை அல்ல.

பிங்_போகவில்லை:

500 ஜிபி கணக்கை அப்படியே மேலே அனுப்பிவிட்டேன், நான்காவது ஹோஸ்ட் பற்றிப் பேச்சு எழுந்திருக்கிறது. இன்னொன்று: மூன்றில் ஒன்று பழைய தலைமுறை இன்டெல் சிபியு. பிரச்சினை வருமா?

கேபிள்காரன்:

வரும், ஆனால் வழி இருக்கிறது. கிளஸ்டரில் ஈவிசியை (சிபியு வேறுபாட்டை விஎம்களிடமிருந்து மறைக்கும் வி-சென்டர் அமைப்பு) அந்தப் பழைய சிபியுவின் அளவுக்கு அமைத்துவிட்டால் எல்லா விஎம்மும் ஒரே அம்சத் தொகுப்பைத்தான் பார்க்கும், எந்தப் பக்கமும் நகரும். விஎம்களை ஏற்றுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், பிறகு செய்தால் புதிய சிபியுவில் ஓடும் விஎம்களை ஒவ்வொன்றாக ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டியிருக்கும். பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் போனால் சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று வைக்காதீர்கள், அங்கேயும் சிபியு வேறுபாட்டால் அதே சிக்கல்தான். நான்காவது ஹோஸ்ட் வாங்கும்போதும் இன்டெல்லாகவே வாங்குங்கள். ஏஎம்டி வந்தால் ஈவிசியும் கைகொடுக்காது, ஆஃப் செய்துதான் விஎம்மை மாற்ற முடியும்.