தாடைக்கு கீழ பை மாதிரி வீங்குது, ரெண்டு ஆடு போயிடுச்சி, கரண்ட் இல்லாத கொல்லை, யாராச்சும் சொல்லுங்க

கொல்லமேட்டான் | காலை 6:12
வணக்கம். ஒடுகத்தூர்ல இருந்து உள்ள, மலை அடிவாரத்துல மூணு ஏக்கர் வச்சிருக்கேன், ஈபி லைன் இன்னும் வரல, எல்லாமே சோலார்தான். 14 ஆடு இருந்துச்சி, பத்து நாள்ல ரெண்டு போயிடுச்சி. மொதல்ல தீனி எடுக்காம ஓரமா நிக்குது, அப்புறம் தாடைக்கு கீழ தண்ணிப் பை கட்டுன மாதிரி தொங்குது, அமுக்குனா மெத்துனு இருக்கு, ரெண்டு மூணு நாள்ல படுத்துடுது, அப்புறம் எழுந்திருக்கறதே இல்ல. நேத்து இன்னொண்ணுக்கு ஆரம்பிச்சிடுச்சி. பூச்சி மருந்தெல்லாம் குடுத்தாச்சி. மேட்டுக்கு ஏறினாதான் டவர் கிடைக்கும் அதனால பதில் லேட்டாதான் வரும். என்ன மருந்து வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க, கடைக்கு கிளம்பணும்.

பாலாத்துக்காரி | காலை 6:40
அண்ணா, வெள்ளாடா செம்மறியா? குட்டியா பெரிசா? கழிச்சல் இருக்கா, காய்ச்சல் இருக்கா, மூக்கு ஒழுகுதா? என்ன பூச்சி மருந்து, எப்ப குடுத்தீங்க, எவ்ளோ குடுத்தீங்க? இது தெரியாம மருந்து பேர் சொன்னா அது உங்க ஆட்டுக்கு நல்லது இல்ல.

குடியாத்தம் செம்மறி | காலை 6:55
இது நீலநாக்கு நோய்தான். ஐப்பசி மழை புடிச்சா எங்க பட்டில வருஷா வருஷம் இதே கதைதான், மூஞ்சி வீங்கும், ஒதடு வீங்கும், கால் நொண்டும். கொட்டாய்ல வேப்பந்தழை புகை போடுங்க, அந்த சின்ன கொசுவாலதான் பரவுது. போன வருஷம் எங்களுக்கு ஆறு போச்சி.

மேட்டுப்பட்டி | காலை 7:10
சீழ்க்கட்டியா இருக்கும். ப்ளேடால லேசா கீறி விடுங்க, தண்ணி வந்துடும்.

பாலாத்துக்காரி | காலை 7:14
தயவுசெஞ்சி யாரும் கீறாதீங்க. மெத்துனு தண்ணியா இருக்குன்னு சொல்றாரு, சீழ்னா கெட்டியா, சூடா இருக்கும், தொட்டா வலில ஆடு தலைய ஒதறும். நீர் கோத்த எடத்துல ப்ளேடு போட்டா புண்ணாகி ஈ முட்டை வச்சிடும்.

பழைய வடாற்காடு | காலை 7:32
தம்பி, கேள்வி கேக்கறதுக்கே ஒரு முறை இருக்கு. "ஆடு"ன்னு எழுதினா நாங்க என்னன்னு எடுத்துக்கறது? முப்பது வருஷமா ஆடு வச்சிருக்கேன், மழைக்காலம் வந்தா இதே கேள்விய யாராச்சும் இதே மாதிரி அரைகுறையாதான் கேக்கறாங்க. எடை, வயசு, இனம், மேய்ச்சல், சந்தைல வாங்கினதா வீட்டுல பொறந்ததா, தடுப்பூசி போட்ட தேதி, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தா இந்த நிலைமை வந்திருக்காது. மொதல்ல நோட்டு போடுங்க.

அணைக்கட்டு அக்கா | காலை 8:05
நோட்டு அப்புறம் போட்டுக்கலாம், ஆடு இன்னைக்கு சாகுது. தம்பி, ஏரி ஓரம், நஞ்சை ஓரம் மேயுதா? நத்தை இருக்கற எடத்து புல்லுல தட்டைப்புழு வரும், ஈரல்ல போய் உக்காந்துக்கும், அதுக்கும் இதே மாதிரி தாடை தொங்கும். எங்க ஊர் ஏரி ரொம்பின வருஷம் பாதி தெருவுக்கு ஆடு இல்லாம போச்சி.

கொல்லமேட்டான் | காலை 11:48
எல்லாருக்கும் நன்றி. வெள்ளாடுதான், பள்ளை ஆடு, எல்லாம் பெரிசு, நாலு மட்டும் ரெண்டு மாசம் முன்னாடி பொய்கை சந்தைல செவ்வாக்கிழமை வாங்கினது. கழிச்சல் இல்ல, புழுக்கை கெட்டியாதான் போடுது. காய்ச்சல் பாக்க தெரியல, தொட்டா சூடு இல்ல. ஏரி கிட்ட இல்ல. இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன், வீக்கம் காலைல கம்மியா இருக்கு, சாயங்காலம் மேஞ்சிட்டு வந்தா பெரிசாயிடுது. பூச்சி மருந்து ஆல்பெண்டசோல், ஒன்றரை வருஷமா மாசா மாசம் விடாம குடுக்கறேன், ஆட்டுக்கு 5 மில்லி.

பாலாத்துக்காரி | மதியம் 12:20
அண்ணா இப்பதான் வெளங்குது. எங்க நைனா கால்நடை ஆய்வாளரா இருந்து ரிட்டையர் ஆனவரு, அவரு சொல்லிக் குடுத்ததத்தான் சொல்றேன். உடனே போய் ஒரு ஆட்ட புடிங்க, வெயில் வெளிச்சத்துல நிக்க வைங்க, கட்டைவிரலால மேல் இமைய மூடி கண்ண லேசா உள்ள அமுக்கிட்டு கீழ் இமைய இழுத்து விடுங்க, உள்பக்கம் பிதுங்கி வரும். அது என்ன கலர்னு பாருங்க. நல்ல ஆட்டுக்கு வெத்தலை போட்ட வாய் மாதிரி செவப்பா இருக்கணும். ரோஸ்னா சுமார். வெளுத்திருந்தா ஒடம்புல ரத்தமே இல்லன்னு அர்த்தம். தென் ஆப்பிரிக்காவுல இதுக்குன்னே ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் கலர் அட்டை போட்டிருக்காங்க, அட்டை இல்லன்னாலும் கண்ணு போதும். பன்னண்டு ஆட்டையும் பாத்து எழுதுங்க.

தலை குனிஞ்சி மேயறதால நீர் தாடைக்கு எறங்குது, ராத்திரி படுத்து அசை போட்டா வடிஞ்சிடுது. ரத்தம் போனவனுக்கு கால் வீங்கற மாதிரிதான். வயிற்றுப்புழுவா இருக்கும்னு நினைக்கறேன், நாலாவது வயித்துல ஒட்டிக்கினு ரத்தம் குடிக்கறது. அதுக்கு கழிச்சல் வரணும்னு இல்ல, அதான் எல்லாரும் ஏமாந்து போறோம். செத்த ஆட்ட அறுத்துப் பாத்தீங்களா?

கொல்லமேட்டான் | மதியம் 12:31
இல்லீங்க பொதைச்சிட்டேன். பூச்சி மருந்துதான் மாசா மாசம் குடுக்கறேனே, அப்புறம் எப்படி புழு?

பழைய வடாற்காடு | மதியம் 12:50
மாசா மாசம் குடுத்ததாலதான் புழு. இது கூட தெரியாம ஆடு வளக்க வந்துடறாங்க. மருந்துல சாகாத புழு மட்டும் தப்பிச்சி அதுதான் முட்டை போடும், ஒரு பொட்டைப்புழு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல போடும், ஒன்றரை வருஷத்துல உன் கொல்லைல இருக்கறது மொத்தமும் அந்த மருந்துக்கு அசையாத புழுதான். அதுவும் 20 கிலோ ஆட்டுக்கும் 35 கிலோ ஆட்டுக்கும் ஒரே 5 மில்லி. வெள்ளாட்டுக்கு செம்மறிய விட அதிக அளவு வேணும், ஏன்னா அது ஒடம்பு மருந்த சீக்கிரம் கழிச்சிடும். பாட்டில்ல போட்டிருக்கற செம்மறி அளவ வெள்ளாட்டுக்கு ஊத்தினா பாதி மருந்துதான் வேலை செய்யும். கடைல வேற பேர்ல ஃபென்பெண்டசோல் குடுப்பான், அது இதோட தம்பி, மாத்தினதா ஆகாது.

குடியாத்தம் செம்மறி | மதியம் 1:15
க்ளோசன்டெல் ஊத்துங்க, ரத்தம் குடிக்கற புழுவுக்கு அதுதான்.

பாலாத்துக்காரி | மதியம் 1:22
எடை தெரியாம அத ஊத்தாதீங்க, அளவு மிஞ்சினா கண்ணு போயிடும். டாக்டர் எடை பாத்து சொல்லட்டும். 1962க்கு போன் போட்டா நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். இல்லன்னா காலைல போட்ட புழுக்கை பத்து பதினஞ்சி, ஒவ்வொரு ஆட்டுக்கும் தனித்தனி கவர்ல கட்டி அன்னைக்கே ஆஸ்பத்திரில குடுங்க, முட்டைய எண்ணி சொல்லிடுவாங்க. வெயில்ல வச்சா முட்டை பொரிஞ்சிடும், ஈரத்துணி சுத்தி எடுத்துட்டு போங்க.

அணைக்கட்டு அக்கா | மதியம் 1:40
துள்ளுமாரி நோய்க்கு தடுப்பூசி போட்டிருக்கியா தம்பி? மழைக்கு முன்னாடி போடணும். நம்ம ராணிப்பேட்டைலதானே தயாரிக்கறாங்க, கோழிக்கு வர்ற ராணிக்கெட் நோய்க்கே நம்ம ஊர் பேர்தான் வச்சிருக்கு.

பழைய வடாற்காடு | மதியம் 1:58
அது தப்பு. ராணிக்கேத்னு இமயமலைப் பக்கம் ஒரு ஊர், இப்ப உத்தராகண்ட்ல இருக்கு, 1920கள் கடைசில இந்தியாவுல அங்கதான் மொதல்ல பாத்தாங்க, அதான் அந்த பேர். ராணிப்பேட்டைல இருக்கறது தடுப்பு மருந்து நிலையம். ரெண்டையும் கொழப்பாதீங்க.

அணைக்கட்டு அக்கா | மதியம் 2:06
எங்க அப்பா காலத்துல இருந்து ராணிப்பேட்டை வியாதின்னுதான் சொல்றோம், வெள்ளைக்கழிச்சல்னு சொன்னாலும் அதேதான்.

குடியாத்தம் செம்மறி | மதியம் 2:15
ராணிப்பேட்டை இப்ப வேலூர் மாவட்டமே இல்ல, 2019லயே பிரிஞ்சிடுச்சி.

பழைய வடாற்காடு | மதியம் 2:21
மாவட்டம் பிரிஞ்சா நிலையம் எடம் மாறுமா? நான் பேசறது பழைய வடாற்காடு மாவட்டம். அது 89லயே பிரிஞ்சது, ஆனா ஊரும் நாமளும் அப்படியேதான் இருக்கோம்.

ஏலகிரி தோட்டம் | மதியம் 2:40
நடுவுல ஒரு கேள்வி. எங்களுக்கு ஏலகிரில ரெண்டு ஏக்கர் இருக்கு, அங்கயும் கரண்ட் இல்ல. வீடியோல பாத்தேன், அல்பாக்கான்னு உரோமத்துக்கு வளக்கற மிருகம், அத வளக்கலாமா? குளிரா இருக்கும்ல, உரோமத்துக்கு நல்ல விலைன்னு சொல்றாங்க.

பாலாத்துக்காரி | மதியம் 3:05
அது பெரு, பொலிவியா பக்கம் ஆண்டிஸ் மலைல 3,500 மீட்டருக்கு மேல வாழறது. ஏலகிரி ஆயிரத்து சொச்சம் மீட்டர்தான், கூதல் நம்மளுக்குதான் கூதல், அந்த உரோமத்தோட அது தாங்கறது கஷ்டம். வெளிநாட்டுல இருந்து மிருகம் கொண்டு வர சர்க்கார் அனுமதியும் வேணும். இன்னொண்ணு, இப்ப இந்த அண்ணன் ஆட்ட கொல்ற இதே வயிற்றுப்புழு அல்பாக்காவையும் விடாது. தனி இழை போடுங்க, அங்க பேசலாம்.

கொல்லமேட்டான் | மாலை 5:50
கண்ணு பாத்தேன். பன்னண்டுல நாலு சுத்தமா வெள்ளை, மல்லாட்டை (வேர்க்கடலை) உரிச்சா உள்ள தோல் இருக்குமே அந்த செவப்பு எதுக்கும் இல்ல, ஒண்ணுக்கு பீங்கான் மாதிரி இருக்கு. அஞ்சு ரோஸ். மூணு நல்லா செவப்பு, அந்த மூணும் வேலிய தாண்டி மலைப்பக்கம் ஓடிப் போயி தழை தின்னுட்டு அடி வாங்குறதுங்க. மத்தது எல்லாம் டேங்க் பக்கத்துலயே மேயும், அங்க புல்லுக்கு பஞ்சமே இல்ல, வெயில் காலத்துலயும் பச்சையா இருக்கும். 1962க்கு போட்டேன், நாளைக்கு காலைல வர்றதா சொன்னாங்க.

பாலாத்துக்காரி | மாலை 6:10
ஒரு நிமிஷம் அண்ணா. டேங்க் பக்கத்துல வெயில் காலத்துல எப்படி பச்சையா இருக்கு?

கொல்லமேட்டான் | மாலை 6:14
சோலார் பம்பு வெயில் இருக்கற வரைக்கும் ஓடும்ல, டேங்க் ரொம்பினா வழிஞ்சி ஓடும். நிறுத்த ஆள் இல்ல.

பாலாத்துக்காரி | மாலை 6:31
அங்கதான் விஷயம் இருக்கு. புழுக்கைல முட்டை விழுந்து ஈரமும் சூடும் இருந்தா ஒரு வாரத்துல குஞ்சுப்புழு புல்லு மேல ஏறிடும், அடிப்பக்கம் நாலு விரக்கடை உயரத்துலதான் அதிகமா இருக்கும். மத்தவங்க கொல்லைல வெயில் காலம் வந்து காயவச்சி கொன்னுடும். உங்க கொல்லைல வருஷம் பூரா ஐப்பசி மாசம். அதே எடத்துலயே தின்னு, அதே எடத்துலயே புழுக்கை போட்டு, மறுபடி தின்னு. வெள்ளாடு தலைய தூக்கி தழை கடிக்கற ஜாதி, தரை புல்லு கரண்டுற ஜாதி இல்ல, அதான் மலைக்கு ஓடுன மூணும் நல்லா இருக்கு. அதுங்கள அடிக்காதீங்க.

நாளையில இருந்து டேங்க் பக்கம் விடாதீங்க. அகத்தி, வேம்பு, கல்யாண முருங்கை, எது கிடைச்சாலும் ஒடிச்சி ஆட்டு தலை உயரத்துல கட்டி தொங்க விடுங்க. மல்லாட்டைக் கொடி காஞ்சது இருந்தா போடுங்க, கொஞ்சம் புண்ணாக்கு குடுங்க, ரத்தம் ஊற சத்து வேணும். வெள்ளை கண்ணு நாலையும் தூரமா ஓட்டாதீங்க, மூச்சு வாங்கியே விழுந்துடும்.

பழைய வடாற்காடு | மாலை 6:45
டேங்க்ல ஃப்ளோட் சுவிட்ச் போடுங்க, ரொம்பினா பம்பு தானா நின்னுடும். எங்க கொட்டாய்ல பரண், அதான் ஆடு நிக்க தரைக்கு மேல ஒசரமா தளம், போட்ட பிறகு இந்த தொல்லையே இல்ல. பொண்ணு சொல்றது சரிதான்.

குடியாத்தம் செம்மறி | மாலை 7:02
பரண் போட்டாலும் மேய விட்டா வரத்தான் செய்யும் பெரியவரே. செலவு வேற.

பழைய வடாற்காடு | மாலை 7:09
மேய விடாம தீவனம் அறுத்துப் போட்டா வராது. செலவு பாத்தா ஆடு தங்காது.

(பன்னண்டு நாள் கழிச்சி)

கொல்லமேட்டான் | காலை 7:20
டாக்டர் வந்தாரு, புழுக்கை பாத்துட்டு வயிற்றுப்புழுதான்னாரு, மருந்து குடும்பத்தையே மாத்தி எடை போட்டு குடுத்தாரு, கண்ணு வெளுத்ததுக்கு மட்டும். பீங்கான் கண்ணு ஆடு அன்னைக்கு ராத்திரியே போயிடுச்சி. மத்த மூணுக்கும் தாடை வத்திடுச்சி, நேத்து பாத்தேன், இமை லேசா ரோஸ் வருது. ஃப்ளோட் போட்டாச்சி, டேங்க் பக்கம் முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிட்டேன். பாலாத்துக்காரி அம்மாவுக்கும் நைனாவுக்கும் ரொம்ப நன்றி. தழை ஒடிக்கணும், வர்றேன்.

ஏலகிரி தோட்டம் | காலை 9:02
அண்ணே, சோலார் பம்புக்கு ஃப்ளோட் எப்படி மாட்டுனீங்க, கன்ட்ரோலர்லயே கொடுக்கலாமா, தனி ஒயர் இழுக்கணுமா?