புதுப்பிப்பு: ஹடோகன் கைக்கு வந்துடுச்சு

ஸ்ட்ரீட் ஃபைட்டர்ங்கிற சண்டை வீடியோ கேமோட 30ஆம் ஆண்டுத் தொகுப்பை பிளேஸ்டேஷன் 4ல போட்டா, பட்டனை அழுத்தி கொஞ்சம் கழிச்சுத்தான் என் வீரன் ரியூ அடிக்கிறான்னு போன வாரம் எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. காரணம் டிவிதான். படத்தை மெருகேத்துற வேலையெல்லாம் முடிச்சுட்டுத்தான் திரையில காட்டுது. அந்த வேலையைக் குறைக்கிற 'கேம் மோடு'ங்கிற டிவி செட்டிங்கைப் போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்துச்சு. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுற ஆட்டம் இது. நாலஞ்சு ஃபிரேம் தாமதம்னாலே, எதிராளி குதிக்கிறதைப் பார்த்து ஷோரியூக்கன்ங்கிற எகிறிக் குத்தைப் போடுறது கஷ்டம்.

மீதிப் பாதிக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு ஆர்கேட் ஸ்டிக் வாங்கினேன், பழைய கேம் சென்டர் மெஷின் மாதிரி குச்சியும் பட்டனும் வெச்ச கன்ட்ரோலர். கீழே, கீழ்-முன், முன், குத்து: ரியூ கையிலேர்ந்து சக்திப் பந்து பறக்கும், அதுதான் ஹடோகன். அந்த 'டக் டக்' சத்தம் கேட்டதுமே மணிக்கட்டுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு.

தொகுப்புல 12 ஆட்டம் இருக்கு. எனக்கு 1999ல வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் III: தேர்ட் ஸ்டிரைக்'தான் உசத்தி. அதுல அடி மேல விழப்போற அந்தக் கணத்துல, பின்னால போகாம ஸ்டிக்கை முன்பக்கம் தட்டணும். உயிர் துளிகூடக் குறையாது. நேத்து ராத்திரி தம்பி கென்ங்கிற வீரனை வெச்சு உதைச்சப்போ மூணு உதையை வரிசையாத் தட்டிவிட்டேன். அவன் கன்ட்ரோலரைக் கீழே வெச்சுட்டு, "அண்ணா, இன்னொரு தடவை காட்டு"ன்னான். மணி ரெண்டு ஆச்சு தூங்க.